தலை எண்ணும் பருவம்: அமெரிக்கச் சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளின் இலையுதிர்காலம்

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பருத்திக் காடுகளுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நடுவே சில நூறு பேர் மட்டுமே வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், அக்டோபர் மாதத்தின் எந்த வாரத்திலும் அங்கே பேசப்படும் செய்திகளில் பெரும்பகுதி உயர்நிலைப் பள்ளியிலிருந்தே வரும். செவ்வாய்க்கிழமை மாலை மாணவியரின் வாலிபால் ஆட்டம், வெள்ளிக்கிழமை இரவு கால்பந்து, சனிக்கிழமை காலை இசைக்குழுப் போட்டி அல்லது நெடுந்தூர ஓட்டம், இடையே பள்ளி வாரியக் கூட்டம், வேளாண் மாணவர் சங்கத்தின் கால்நடைக் கண்காட்சி, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம், பன்னிரண்டாம் வகுப்பினரின் கல்லூரி விண்ணப்பம் என்று ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் முடியும்வரை நாள்காட்டியில் வெற்றிடமே இருப்பதில்லை. (டெக்சாஸில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை இலையுதிர்காலம் என்பது நாள்காட்டியின் பெருந்தன்மை, வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கால்பந்துப் பயிற்சி தொடங்குகிறது.)

வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இவை அனைத்தும் ஊர் உற்சாகமாகவும் விளையாட்டுப் பித்தாகவும் தோன்றக்கூடும். உற்சாகம் உண்மைதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளைக்கூட எட்டாத ஒரு பள்ளியில், இந்த நிகழ்ச்சிகள் ஏறத்தாழ அனைத்தையும் வடிவமைப்பது பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற ஒரே கேள்விதான். களத்தில் எத்தனை பேர் இறங்கி ஆடுவது, எந்தப் பிரிவில் எந்த ஊரோடு மோதுவது, மாநில அரசிடமிருந்து எவ்வளவு பணம் வருவது, அடுத்த பத்தாண்டுகளில் பள்ளி இருப்பதா பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைவதா என்பவை அந்த எண்ணைப் பொறுத்தே முடிவாகின்றன. அந்த எண் பல மாநிலங்களில் கணக்கில் ஏறுவதும் இலையுதிர்காலத்தில்தான்.

வெள்ளிக்கிழமை யாருக்குச் சொந்தம்

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. உயர்நிலைப் பள்ளிகள் அதை வெள்ளிக்கிழமை இரவில் ஆடுவது வெறும் பழக்கத்தால் நிலைத்த ஒன்றல்ல. அதற்குச் சட்டத்தின் காவலும் உண்டு. 1961இல் அமெரிக்கக் காங்கிரஸ், தொழில்முறைக் கால்பந்துச் சங்கமான என்எஃப்எல் தன் அணிகள் அனைத்தின் ஒளிபரப்பு உரிமையையும் மொத்தமாக விற்பதற்குப் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் நாள்களில் அவற்றின் கூட்டத்தைத் தொலைக்காட்சி கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, செப்டம்பரின் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பரின் இரண்டாம் சனி வரை, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகும் சனிக்கிழமை முழுவதும், ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் உள்ள நிலையங்களில் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்த விலக்கு செல்லாது. 1966இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தக் காவலை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விரித்தது. நாடு முழுவதும் வெள்ளி இரவில் ஏதாவது ஒரு பள்ளி ஆடிக்கொண்டிருப்பதால், நடைமுறையில் அந்த இரவு தொழில்முறை ஆட்டத்துக்கு மூடப்பட்டதாயிற்று. 2024 செப்டம்பர் 6ஆம் தேதி வெள்ளியன்று என்எஃப்எல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஓர் ஆட்டம் நடத்த முடிந்தது அது செப்டம்பரின் முதல் வெள்ளி என்பதால். நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி கூறல் நாளுக்கு மறுநாள் 2023 முதல் அது நடத்தும் ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. இனப்பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் டெக்சாஸின் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளிகள் வெள்ளையர் பள்ளிகளோடு போட்டியிட அனுமதிக்கப்படாததால், 1920இல் பிரெய்ரி வியூ கல்லூரியை மையமாகக் கொண்டு தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. ஊரில் விளக்கு வைத்த மைதானம் ஒன்றே இருக்கும். அதன் வெள்ளி இரவு வெள்ளையர் பள்ளிக்கு. ஆகவே கறுப்பினப் பள்ளிகள் பெரும்பாலும் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. 1960களின் இறுதியில் இரு சங்கங்களும் இணைக்கப்பட்டபோது பள்ளிகளும் இணைக்கப்பட்டன. இணைப்பு என்று சொல்லப்பட்டாலும் தென்மாநிலச் சிற்றூர்கள் பலவற்றில் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். அதன் பெயரும் வண்ணமும் அணிச்சின்னமும் கோப்பைகளும் போயின, அதன் பயிற்சியாளர் இன்னொரு பள்ளியில் உதவிப் பயிற்சியாளரானார். சிற்றூர்ப் பள்ளியின் ஒற்றுமையைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி தாண்டிப் போய்விடும் பக்கம் இது.

அந்த இரவின் முக்கியத்துவத்தை நாட்டின் உச்ச நீதிமன்றமும் கணக்கில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. கால்வெஸ்டன் நகருக்கு அருகில் உள்ள சான்டா ஃபே என்ற டெக்சாஸ் ஊரில், ஆட்டம் தொடங்குமுன் மாணவர் ஒருவர் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை செய்யும் வழக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. விருப்பமில்லாதவர் ஆட்டத்துக்கு வராமல் இருக்கலாமே என்று பள்ளி வாரியம் வாதிட்டது. 2000ஆம் ஆண்டு ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வழங்கப்பட்ட தீர்ப்பு அதை ஏற்கவில்லை: ஆட்டக்காரர்களும் இசைக்குழுவினரும் உற்சாகமூட்டும் அணியினரும் வந்தே ஆக வேண்டியவர்கள், மற்ற மாணவர்களுக்கும் ஆட்டத்தைத் துறப்பதா மனசாட்சியைத் துறப்பதா என்ற நெருக்கடியை அரசு உண்டாக்கக் கூடாது. 2022இல் வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்ட்டன் பயிற்சியாளர் வழக்கில், ஆட்டம் முடிந்தபின் களத்தின் நடுவே தனியாக மண்டியிட்டு வேண்டிக்கொள்வது அவருடைய உரிமை என்று அதே நீதிமன்றம், அதே ஆறுக்கு மூன்று விகிதத்தில் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளும் எங்கே பொருந்துகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதில் சட்ட வல்லுநர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஓர் ஊரின் வெள்ளி இரவு ஆட்டம் வெறும் விருப்பப் பொழுதுபோக்கு அல்ல என்று 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னதை, சிற்றூர்க்காரர் எவரும் மறுக்க மாட்டார்.

ஊர் திரும்பும் வாரம்

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஒரு வாரம் ‘ஹோம்கமிங்’ என்று குறிக்கப்படுகிறது. பழைய மாணவர்களை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கு அழைக்கும் இந்த வழக்கம் பல்கலைக்கழகங்களில் தோன்றியது. 1909இல் பெய்லர், 1910இல் இலினாய், 1911இல் மிசூரி என்று மூன்று பல்கலைக்கழகங்கள் முதன்மைக்கு உரிமை கோருகின்றன. மிசூரியில், புதிய உள்ளூர்க் களத்தில் கான்சஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு விளையாட்டுத் துறை இயக்குநர் செஸ்டர் புரூவர் பழைய மாணவர்களை ஊர் திரும்புமாறு அழைத்தார் என்பது அவர்கள் தரப்பு வரலாறு. உயர்நிலைப் பள்ளிகள் அதைத் தழுவிக்கொண்டு, தம் அளவுக்கு ஏற்ப விரித்துக்கொண்டன: வாரம் முழுவதும் நாளுக்கொரு வேடம், ஊர்வல வண்டிகள், ஒரு மாலையில் பெருந்தீ, இடைவேளையில் அரசனும் அரசியும் முடிசூடுதல், சனிக்கிழமை இரவு நடனம்.

டெக்சாஸில் இதனோடு சேர்ந்து வரும் ‘மம்’ என்ற பூவணி தனிக் கவனத்துக்கு உரியது. 1930களில் மாணவன் தன் தோழிக்கு ஒற்றைச் செவ்வந்திப் பூவை நாடாவோடு குத்திவிடுவதாகத் தொடங்கிய வழக்கம், இன்று பட்டுத்துணிச் செவ்வந்திகளும் பாதம்வரை தொங்கும் நாடாக்களும் மணிகளும் குட்டிக் கரடி பொம்மைகளும் மின்விளக்குகளும் சேர்ந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டிய எடையை எட்டிவிட்டது. மாணவர்கள் அதன் சிறு வடிவத்தைக் கைப்பட்டையாக அணிகிறார்கள். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குபவர்களும் உண்டு. தாய்மார்கள் வீட்டு மேசையில் பசைத் துப்பாக்கியோடு உட்கார்ந்து செய்வதும் உண்டு. அடுத்த மாநிலத்துக்காரர்களுக்கே விளங்காத இந்தச் செலவை வீண் என்று தள்ளுவது எளிது. ஆனால் நாடாக்களில் பொறிக்கப்படும் பள்ளியின் பெயரும் வகுப்பு முடிக்கும் ஆண்டும் அணிச்சின்னமும் சுவரில் பல ஆண்டுகள் தொங்கியிருக்கும். பள்ளி மறைந்த ஊர்களில் அவை ஆவணமாகவே மிஞ்சுகின்றன.

திரும்பி வருவதற்குப் பள்ளி இல்லாதவர்களும் ஊர் திரும்புகிறார்கள். மேலே சொன்ன, மூடப்பட்ட கறுப்பினப் பள்ளிகளின் பழைய மாணவர்கள், கட்டடம் இடிந்து அரை நூற்றாண்டு கழிந்தபின்னும், தேவாலயக் கூடங்களில் கூடித் தங்கள் பள்ளிப் பாடலைப் பாடும் சந்திப்புகளை நடத்திவருகிறார்கள். அவர்களில் இளையவர்களே எழுபதை ஒட்டிய வயதினர்.

ஆறு பேர் போதும்

பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்தால் குறைந்தது இருபது பேராவது தேவை. நான்கு வகுப்புகளிலும் சேர்த்து முப்பது மாணவர்கள் மட்டுமே இருக்கும் பள்ளி என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் செஸ்டர் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் எப்ளர் விடை கண்டார். அவர் வகுத்த ஆறு பேர் ஆட்டத்தின் முதல் போட்டி அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் தேதி ஹெப்ரான் ஊரில் நடந்தது. நான்கு ஊர்ப் பள்ளிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரு அணிகளாக ஆடி, 19–19 என்று சமனில் முடித்தன. ஆளில்லாத பள்ளிகள் கைகோத்து ஓர் அணி அமைப்பது புதிய காலத்தின் கட்டாயம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும், அந்த முதல் ஆட்டமே அப்படித்தான் நடந்தது.

ஆறு பேர் ஆட்டம் பதினொரு பேர் ஆட்டத்தின் குறைப்பதிப்பு அல்ல. தனக்கென்று விதிகளும் தனக்கென்று ஒரு தர்க்கமும் உடையது. களம் நூறு கெஜத்துக்குப் பதில் எண்பது கெஜம் நீளம், நாற்பது கெஜம் அகலம். நான்கு முயற்சிகளில் பத்துக் கெஜம் முன்னேற வேண்டிய இடத்தில் இங்கே பதினைந்து கெஜம் முன்னேற வேண்டும். ஆறு பேரில் எவரும் எறிந்த பந்தைப் பிடிக்கலாம் என்பதால், பருமனான பையன் வரிசையில் நின்று முட்டிக்கொள்வதோடு அவன் வேலை முடிந்துவிடுவதில்லை. எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுத்தபின் பந்தை உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளிக்கு இங்கே இரட்டை மதிப்பு, களத்திலிருந்து நேராகக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் களக் கோலுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு; ஏனெனில் உதைப்பவனைக் காக்க ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் எப்போது வித்தியாசம் 45 புள்ளியை எட்டுகிறதோ அப்போதே ஆட்டம் முடிந்ததாக அறிவிக்கப்படும். இந்த விதியில் இரக்கத்தைவிட நடைமுறை அறிவே கூடுதல்: ஒன்பது பேர் மட்டுமே கொண்ட அணியில் இருவர் காயமடைந்தால் அடுத்த வாரம் ஆட்டம் நடப்பதே ஐயம்.

டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்துவது, டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1910இல் தொடங்கிய யூஐஎல் என்ற சங்கம். பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு 1ஏ முதல் 6ஏ வரை அது பிரிக்கிறது. 6ஏ பிரிவில் ஒரு பள்ளியிலேயே இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் மாணவர்கள்; 1ஏ பிரிவில் சுமார் 105க்குக் கீழ். இந்தக் கீழ்ப்பிரிவில்தான் ஆறு பேர் ஆட்டம் வேரூன்றியிருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் அதை ஆடுகின்றன. சில நூறு பேர் மட்டுமே வாழும் ரிச்லாண்ட் ஸ்பிரிங்ஸ் ஊரின் பள்ளி இந்த ஆட்டத்தில் பலமுறை மாநில வாகையர் பட்டம் வென்று, தன்னைவிட நூறு மடங்கு பெரிய ஊர்களிலும் பெயர் தெரிந்ததாக இருக்கிறது.

இத்தகைய பள்ளியில் ஒரே பிள்ளை பல வேலைகளைச் செய்தாக வேண்டும். முதல் பாதியில் தலைக்கவசம் அணிந்து ஆடியவன் இடைவேளையில் அதைக் கழற்றிவிட்டு, அழுக்கான ஆட்ட உடையோடு எக்காளத்தை எடுத்துக்கொண்டு இசைக்குழுவின் வரிசையில் போய் நிற்பது சிறு பள்ளிகளில் வியப்புக்கு உரியதல்ல. முடிசூட்டப்படும் அரசி அடுத்த நிமிடம் முரசு அடிக்கப் போவாள். பெருநகரப் பள்ளியில் தேர்வுச் சுற்று வைத்து நூறு பேரை வடிகட்டுகிறார்கள். இங்கே வராதவனை வீடு தேடிப் போய் அழைக்கிறார்கள். ஒரு பிள்ளை எல்லாவற்றிலும் பங்கேற்கும் வாய்ப்பைச் சிறு பள்ளி தருகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது மெய்யானாலும், அந்த வாய்ப்பில் மறுக்க முடியாத ஒரு கட்டாயமும் கலந்திருக்கிறது.

மைதானத்து ஓரத்தில் இயங்கும் தின்பண்டக் கடைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அதை நடத்துகிறார்கள். சோளச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அதற்குள்ளேயே இறைச்சிக் குழம்பை ஊற்றித் தரும் ‘ஃப்ரிட்டோ பை’ விற்ற காசில்தான் வசந்தகால நடன விருந்து நடக்கும். வகுப்பில் பன்னிரண்டு பேர் என்றால், ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ ஒவ்வொரு வெள்ளியும் கடையில் நின்றாக வேண்டும்.

எண்ணிக்கை இவ்வளவு இறுக்கமாக இருக்கும் இடத்தில் மதிப்பெண்ணும் ஊர்ப் பிரச்சினையாகிறது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, டெக்சாஸ் சட்டமன்றம் 1984இல் ‘தேறாவிட்டால் ஆட்டமில்லை’ என்ற விதியை இயற்றியது: ஏதேனும் ஒரு பாடத்தில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே வாங்கியவர் ஆறு வாரங்களுக்கு எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள், வழக்குகள் தொடரப்பட்டன, விதி நிலைத்தது, 1995இல் தண்டனைக் காலம் மட்டும் மூன்று வாரமாகக் குறைந்தது. ஆகவே பள்ளி திறந்து ஆறு வாரம் முடியும்போது, செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, கணக்கு ஆசிரியரின் மதிப்பெண் ஏட்டை ஊரே எதிர்பார்த்திருக்கும். அறுபது பேர் கொண்ட பெரிய பள்ளி அணியில் மூவர் தேறாமல் போனால் பயிற்சியாளருக்குத் தலைவலி. ஒன்பது பேர் அணியில் மூவர் தேறாமல் போனால் ஆட்டமே நின்றுபோகலாம்.

பெண்களின் பக்கத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972இல் வருவதற்கு முந்தைய கல்வியாண்டில், நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாலிபால் ஆட்டத்துக்கு ஊர் திரண்டு வருவது இந்த ஐம்பது ஆண்டுகளின் மாற்றம்.

எண்ணும் நாள்

மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் முதல் புதன்கிழமைக்கு ‘கவுன்ட் டே’ என்று பெயர். அன்று வகுப்பில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையும் பிப்ரவரியில் எடுக்கப்படும் மறு எண்ணிக்கையும் சேர்ந்து மாநில நிதியை முடிவு செய்கின்றன. இரண்டில் அக்டோபர் எண்ணிக்கைக்குச் சுமார் 90 விழுக்காடு எடை. அன்று பீட்சா விருந்து வைப்பதும் பரிசுக் குலுக்கல் நடத்துவதும் பள்ளிகளின் வழக்கமாகிவிட்டது. வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போகும். டெக்சாஸ் வேறு வழியில் செல்கிறது: ஆண்டு முழுவதும் எடுக்கப்படும் சராசரி வருகையே அங்கே நிதிக்கு அடிப்படை. 2019 முதல் 2025 வரை ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 6,160 டாலராகவே அசையாமல் இருந்தது. ஆகவே விலைவாசி ஏறிய அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு காய்ச்சல் பருவமும் சிறு பள்ளியின் வரவு செலவில் தெரிந்தது. அக்டோபர் கடைசி வெள்ளியன்று எடுக்கப்படும் மாணவர் எண்ணிக்கைக்கு அங்கே இன்னொரு பயன் உண்டு. அதை வைத்துத்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை யூஐஎல் பள்ளிகளின் பிரிவுகளை மாற்றியமைக்கிறது. 104 பேர் இருந்தால் அந்தப் பள்ளி ஆறு பேர் ஆடும் பிரிவில் பெரிய பள்ளி. நான்கைந்து பிள்ளைகள் கூடினால் பதினொரு பேர் ஆட்டத்தில், தன்னைப்போல் இரு மடங்கு பெரிய பள்ளிகளுக்கு நடுவே கடைசிப் பள்ளி. புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் இருப்பது இதனால் ஊர்ச் செய்தியாகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2025 நவம்பரில், சுமார் 11,000 பேர் வாழும் நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஊரில் இயங்கிய மாட்டிறைச்சி ஆலையை மூடப்போவதாக டைசன் நிறுவனம் அறிவித்தது. அங்கே வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 3,200 பேர். லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் அந்த ஆலையை நம்பி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளே அவ்வூர்ப் பள்ளிகளை நிறைத்திருந்தார்கள். சம்பளம் போகும் குடும்பம் ஊரைவிட்டும் போனால் வகுப்பறை இருக்கை காலியாகிறது. இருக்கை காலியானால் நிதியும் குறைகிறது.

உருளைக்கிழங்குக்கு மூன்று வாரம்

எல்லாச் சிற்றூரும் கால்பந்தைச் சுற்றியே இயங்குவதில்லை. நாட்டின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிய மெய்ன் மாநிலத்தின் ஆரூஸ்டூக் மாவட்டத்தில், பள்ளிகள் பல இலையுதிர்காலத்தில், காலால் உதைத்து ஆடும் சாக்கர்தான் ஆடுகின்றன. அங்கே பருவத்தை ஆள்வது உருளைக்கிழங்கு. பள்ளி ஆகஸ்ட் நடுவிலேயே திறக்கும். செப்டம்பர் பிற்பாதியில் மூன்று வாரம் அளவுக்கு அறுவடை விடுமுறை விடப்படும். அக்டோபரில் மீண்டும் வகுப்புகள் தொடங்கும். உறைபனி மண்ணில் இறங்குமுன் கிழங்கைத் தோண்டியாக வேண்டும் என்பதே இதன் காரணம். முன்பெல்லாம் பிள்ளைகள் குனிந்து கையால் பொறுக்கிக் கூடையில் சேர்த்து மரப்பீப்பாயில் கொட்டுவார்கள். பீப்பாய்மீது தம் எண் குறித்த சீட்டைச் செருகிவிட்டால் பீப்பாய்க் கணக்கில் கூலி. குளிர்கால உடுப்பும் காலணியும் அந்தக் கூலியில் வாங்கியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள்.

இன்று தோண்டுவது இயந்திரம். அதன் மேல் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல்லையும் கட்டியையும் பொறுக்கி எறியும் வேலைதான் மாணவர்களுக்கு மிச்சம். பதினாறு, பதினேழு வயதினர் லாரி, கிடங்கு வேலைகளிலும் சேர்கிறார்கள். 1940களில் மெய்ன் மாநிலத்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த உருளைக்கிழங்குப் பரப்பு இப்போது ஏறத்தாழ 50,000 ஏக்கர். எனவே சில பள்ளி வாரியங்கள் விடுமுறையைக் கைவிட்டன. சில அதை உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் வைத்துக்கொண்டன. வயலுக்குப் போகாமல் மூன்று வாரம் வீட்டில் இருக்கும் பிள்ளைகளே கூடுதல் என்பது ஒரு தரப்பு. பத்துப் பண்ணைக்காவது அந்தக் கைகள் இல்லாமல் முடியாது என்பது மறுதரப்பு. இரண்டும் உண்மையாக இருப்பதால்தான் வாக்குவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. தென்கிழக்கு ஐடஹோவிலும் இதுபோல் அறுவடை விடுமுறை உண்டு. அங்குள்ள ஷெல்லி உயர்நிலைப் பள்ளியின் அணிச்சின்னமே ‘ரஸட்’ என்ற உருளைக்கிழங்கு வகை. பென்சில்வேனியாவில் நன்றி கூறல் நாளுக்கு அடுத்த திங்களன்று மான் வேட்டைக்காகப் பள்ளி விடுமுறை விடுவார்கள். வேட்டைப் பருவத்தின் தொடக்கம் 2019இல் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்ட பின்னும் பல பள்ளிகள் அந்தத் திங்களை விட்டுக்கொடுக்கவில்லை.

பண்ணைத் தொடர்பின் இன்னொரு முகம் எஃப்எஃப்ஏ என்ற வேளாண் மாணவர் அமைப்பு. பள்ளிகளில் வேளாண் கல்விக்கு மத்திய அரசு நிதியளிக்க 1917இல் வந்த சட்டத்தின் வழியே முளைத்து, 1928இல் கன்சாஸ் சிட்டியில் நிறுவப்பட்டது. 1933இல் சீருடையாக ஏற்கப்பட்ட நீல நிற கார்டுராய் மேற்சட்டை, முதுகில் மாநிலப் பெயரும் மார்பில் மாணவர் பெயருமாக இன்றும் மாறாதிருக்கிறது. தென்மாநிலக் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனியாக இருந்த அமைப்பு 1965இல் இதனோடு இணைந்தது. மாணவியர் 1969இல்தான் முழு உறுப்பினராக அனுமதிக்கப்பட்டார்கள். இலையுதிர்காலத்தில் இண்டியானாபொலிஸில் கூடும் அதன் தேசிய மாநாட்டுக்குச் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து பேருந்துகள் புறப்படுகின்றன. விவசாயக் குடும்பங்கள் அருகிவந்தாலும் உறுப்பினர் எண்ணிக்கை ஏறிப் பத்து லட்சத்தை எட்டியிருக்கிறது.

நவம்பரின் வாக்குச்சீட்டு

அமெரிக்கப் பள்ளிகளுக்கான செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்ளூரிலிருந்து, பெரும்பாலும் சொத்து வரியாக, திரட்டப்படுகிறது. பள்ளி மாவட்டத்தின் (தனி வாரியத்தோடு ஓர் ஊரின் அல்லது சில ஊர்களின் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) சொத்து மதிப்பைப் பொறுத்துப் பள்ளியின் தரம் மாறுவது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973இல், சான் அன்டோனியோ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததால், போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. ஒஹையோவின் பெர்ரி மாவட்டத்துக் கிராமப்புறப் பள்ளியிலிருந்து தொடங்கிய டிரால்ஃப் வழக்கில், சொத்து வரியை இவ்வளவு நம்பியிருக்கும் நிதி முறை மாநில அரசமைப்புக்கு முரணானது என்று 1997இல் தீர்ப்பானது. எனினும் முறை வேரோடு மாறவில்லை. 1976இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஒன்று, நிலத்தின் மதிப்பு ஏறினாலும் வாக்காளர் ஒப்புதல் தந்த வரியின் வருவாய் அதற்கேற்ப ஏறாமல் தடுப்பதால், ஒஹையோப் பள்ளி வாரியங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டும். நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று வாக்குச்சீட்டில் அதிபரோ ஆளுநரோ இருக்கலாம், இல்லாதிருக்கலாம். பள்ளி வரி பெரும்பாலும் இருக்கும். அது தோற்றால் முதலில் வெட்டப்படுபவை பேருந்துத் தடங்களும், இசை, ஓவிய வகுப்புகளும்; ஆட்டக்காரர்களிடம் கட்டணம் வாங்கும் பழக்கமும் இப்படித்தான் பரவியது. பிள்ளைகள் படித்து வெளியேறிவிட்ட ஓய்வூதியக்காரர்கள் பெரும்பான்மையாக உள்ள ஊரில், வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்னால் நடக்கும் ஹோம்கமிங் ஊர்வலம் அரசியல் கலக்காத பிரச்சாரமாகவும் பயன்படுகிறது என்பது என் கணிப்பு.

எண்ணிக்கையும் பணமும் சேர்ந்து சரியும்போது எஞ்சுவது இணைப்பு. 1939–40இல் நாடு முழுவதும் சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று 13,000க்குச் சற்று மேல். பெரும்பகுதி ஓராசிரியர் பள்ளிகளின் மறைவு என்பதால் இதை முழுதும் இழப்பாகக் கருத முடியாது. வேதியியல் ஆய்வகமும் உயர்கணிதமும் நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் இணைப்பில் யார் எதை இழக்கிறார்கள் என்பது சமமாக இருப்பதில்லை. ஆர்கன்சாஸின் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில், கறுப்பின மக்கள் வாழும் வறிய ஊரான லேக் வியூவின் பள்ளி மாவட்டம், மாநிலத்தின் நிதிப் பங்கீடு அநீதியானது என்று 1992இல் வழக்குத் தொடுத்தது. பத்து ஆண்டுகள் போராடி 2002இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக 2004இல் சட்டமன்றம் இயற்றிய சட்டம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள மாவட்டங்கள் வேறொன்றோடு இணைய வேண்டும் என்றது. லேக் வியூவில் அத்தனை பிள்ளைகள் இல்லை. வழக்கை வென்ற மாவட்டம் அவ்வாண்டே பார்ட்டன்–லெக்ஸா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

இதைத் தவிர்க்கவே நெப்ராஸ்கா, டகோட்டாக்கள், மொன்டானா போன்ற மாநிலங்களில் பள்ளிகள் முதலில் அணியை மட்டும் இணைத்துப் பார்க்கின்றன. இரண்டு தலைமுறைகளாகப் பகையோடு மோதிய ஊர்கள் இடைக்கோடு இட்ட ஒரே பெயரில் களமிறங்குகின்றன; உள்ளூர் ஆட்டங்கள் பாதி இங்கே, பாதி அங்கே. வகுப்பறைகளை ஒன்றாக்குவதைவிட, எந்த ஊரின் வண்ணத்தில் சட்டை தைப்பது என்பதற்கே கூட்டங்கள் நீள்வதாகச் சொல்வார்கள். பல இடங்களில் இரண்டு பழைய வண்ணங்களையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேர்ந்து, அணிச்சின்னத்துக்கு மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆர்கன்சாஸ் 2015இல் தன் சட்டத்தைத் தளர்த்தி, கல்வியிலோ நிதியிலோ கட்டடங்களிலோ நெருக்கடிப் பட்டியலில் இல்லாத மாவட்டம் 350க்குக் கீழே இருந்தாலும் விலக்குக் கோரலாம் என்று அனுமதித்தது.